கட்டிலில் படுத்தானா, தரையிலா?

கேள்வி:

எனக்கு நாகப்பட்டினம் பக்கம் கடலோர ஊர். ஜார்ஜியாவில் ஆறு வருடம் மருத்துவம் படித்தேன். தகுதித் தேர்வை இரண்டாவது முயற்சியில் தாண்டி, இப்போது கொங்குப் பக்கம் ஹவுஸ் சர்ஜனாக (பயிற்சி டாக்டராக) இருக்கிறேன். ஏழு மாதம் முடிந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் நான் செய்ததெல்லாம் ரத்தம் எடுப்பது, லேபுக்கு ஓடுவது, கேஸ் ஷீட் எழுதுவது. ஒரு நாள் வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றும் ஊசி) போடுவது மூன்று தடவை தவறியபோது, ‘ஃபாரின்ல இதுகூடச் சொல்லித் தரலையா’ என்று மேல்படிப்புப் படிக்கிற ஒரு பி.ஜி. டாக்டர், நோயாளி முன்னாலேயே கேட்டார். இப்போது கிராமப்புற போஸ்டிங், சத்தியமங்கலம் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். வந்து இரண்டு வாரம் ஆகிறது. இங்கே பேசுவது தமிழ்தான், ஆனால் பாதி புரிவதில்லை, தலையாட்டி வைக்கிறேன். நோயாளிகள் ‘பாப்பா’ என்கிறார்கள், ‘நர்ஸம்மா’ என்கிறார்கள். தோழிகள் மேல்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.க்குப் படிக்கிறார்கள், நான் பி.பி. பார்த்துக்கொண்டிருக்கிறேன். இங்கே வருவதற்கு முன் வார்டில் ஒருவர் இறந்தார். விசைத்தறி ஓட்டுகிறவர், என் வயதுதான், விஷம் குடித்து வந்தவர். மூன்று ராத்திரி அவரோடு பேசியிருக்கிறேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மா போனில் ‘சாப்பிட்டியா’ என்றால் ‘சாப்பிட்டேன்’ என்கிறேன். இங்கே பெருக்கித் துடைக்கிற அக்காவும் தினம் அதையே கேட்கிறார். அவரிடமும் அதே பொய். நான் இந்த வேலைக்கு லாயக்குதானா?

பதில்:

அன்புள்ள டாக்டருக்கு,

‘பாப்பா’ என்று கூப்பிடுகிறார்கள் என்று குறைப்பட்டிருந்தீர்கள். நானாவது டாக்டர் என்று ஆரம்பிக்கிறேன்.

வென்ஃப்ளான் தவறியது, பி.ஜி. திட்டியது, நீட் பயம் எல்லாம் எங்கள் காலத்திலிருந்து ஏதோ ஒரு வடிவில் இருப்பதுதான். அவற்றுக்கு வருகிறேன். எனக்குத் திக்கென்று இருந்தது ஒரே இடத்தில்: ‘பாதி புரிவதில்லை, தலையாட்டி வைக்கிறேன்’. நானும் அப்படித் தலையாட்டியவள், அதனால்தான்.

1994ஆம் வருடம். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த நான் இந்தப் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன். மஞ்சள் வெட்டி வேகவைத்துக் காயப்போடுகிற பருவம். விடிகாலை ஐந்தரை மணிக்கு ஒரு அம்மா எட்டு வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு கேஷுவாலிட்டிக்கு வந்தார். “வெடியால இருந்து வகுறு நோவுதுங்கறானுங்க, ஓங்கரிக்குதுங்க. ராத்திரி சாளைல நல்லாத்தான் படுத்திருந்தானுங்க” என்றார். ராத்திரி முழுக்கக் கண் மூடாதவள் நான். வகுறு புரிந்தது. ஓங்கரிப்பது வாந்தி வருகிற மாதிரி இருப்பது என்று ஊகித்தேன். சாளை என்ற சொல் காதில் விழுந்ததும் என் தூத்துக்குடி மூளை மீனைப் பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் சாளை என்றால் மத்தி மீன். சரி, ராத்திரி மீன் சாப்பிட்டது சேரவில்லை போலிருக்கிறது என்று தலையாட்டிவிட்டு, வயிற்று வலிக்கு ஒரு ஊசி எழுதி, ஓரக் கட்டிலில் படுக்கவைத்தேன். கேஸ் ஷீட்டில் மீன் சாப்பிட்டதாகவே எழுதியும் வைத்தேன்.

பத்து நிமிடம் கழித்து ஸ்டாஃப் நர்ஸ் அக்கா வந்து, “டாக்டரம்மா, பையன் கண்ணு சொருகுதுங்க. தூக்கம் மாதிரித் தெரியலைங்க” என்றார். எனக்கு முன்னால் அவரே அந்த அம்மாவிடம் திரும்பி ஒரு கேள்வி கேட்டார்: “கட்டில்ல படுத்தானுங்களா, தரையிலயா?”

“தரையிலதானுங்க. மஞ்சக் காயப்போட்ட பக்கம்.”

சாளை என்றால் இந்தப் பக்கம் தோட்டத்துக் குடிசை. கடித்தது கட்டுவிரியன்.

கட்டுவிரியனைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள், ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் இருக்கிற இடத்தில் அது வரும். ராத்திரியில் வீட்டுக்குள் வந்து, தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும். பல் சின்னது, கடிவாய் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். வலி இருக்காது, வீக்கம் இருக்காது. விடிகாலையில் வயிற்று வலி என்று எழுவார்கள். அப்புறம் கண்ணிமை தொங்கும், பேச்சு குழறும், கடைசியில் மூச்சு நிற்கும். கண்ணாடிவிரியன் கடிக்குச் செய்கிற, ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் இருபது நிமிடச் சோதனையில் ரத்தம் நன்றாகவே உறையும், அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அன்றைக்கு விஷமுறிவு மருந்து பத்து குப்பி ஏற்றினோம். கோவைக்குக் கொண்டுபோகிற வழியெல்லாம் மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை அமுக்கிக்கொண்டு போனவள் நான்தான். பையன் பிழைத்தான். பல நாள் கழித்து அந்த அம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு என்னைப் பார்க்க வந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

‘சாளைன்னா என்னங்கம்மா?’ என்று கேட்க எனக்கு ஒரு நொடி போதும். ஏன் கேட்கவில்லை என்று பிறகு பல வருடம் யோசித்திருக்கிறேன். வேற்று மொழியாக இருந்திருந்தால் கேட்டிருப்பேன். தமிழாக இருந்ததால் வெட்கம். ஜார்ஜியாவில் நீங்கள் நோயாளியிடம் பேச நோட்டுப் புத்தகத்தில் வார்த்தைகளை எழுதி வைத்துக்கொண்டுதானே வார்டுக்குப் போனீர்கள்? வலி, காய்ச்சல், எங்கே, எப்போது என்று? அங்கே புரியாததை மறைக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. இங்கே வந்ததும் அந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள். மறுபடி எடுங்கள்.

எடுத்து முதலில் எழுத வேண்டிய சொல் ‘காடு’. “காட்டுல பூச்சி கடிச்சிருச்சுங்க” என்றால் புலி நடமாடும் வனத்தை நினைக்காதீர்கள் (உங்கள் நிலையத்திலிருந்து நிஜ வனமும் தூரமில்லைதான்). மானாவாரி நிலத்துக்குத்தான் இங்கே காடு என்று பெயர். கிணற்றுப் பாசனம் இருந்தால் தோட்டம். பூச்சி என்பது பல நேரம் பாம்பு, பேரைச் சொல்ல மாட்டார்கள். சத்தியமங்கலத்தில் மல்லி பறிக்கிறவர்கள் பொழுது விடியும் முன்பே, நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் கால் வீங்கி வருகிறவரிடம் எங்கே, எந்தச் செடி, காலில் செருப்பு இருந்ததா என்று கேளுங்கள். அந்த இருபது நிமிடச் சோதனையை நீங்களே உங்கள் கையால் செய்யுங்கள்: இரண்டு மில்லி ரத்தம், காய்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாய், ஆட்டாமல் அசைக்காமல் இருபது நிமிடம், பிறகு ஒரு தடவை சாய்த்துப் பார்ப்பது. குழாயைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தால் நல்ல ரத்தம்கூட உறையாமல் போகும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் என் பையில் இரண்டு புதுக் குழாய் வைத்திருந்தேன்.

அடுத்த சொல் ‘மருந்து’. “நேத்து மருந்தடிச்சேனுங்க, அதுல இருந்து தலை கிறுகிறுங்குதுங்க” என்று ஒரு விவசாயி சொன்னால், அவர் எந்த மாத்திரையும் சாப்பிடவில்லை. பயிருக்குப் பூச்சிக்கொல்லி தெளித்திருக்கிறார். வியர்த்திருக்கிறதா, எச்சில் ஊறுகிறதா, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறதா, நாடி மெதுவாக ஓடுகிறதா பாருங்கள். அந்தச் சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள், உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். மருந்துக்கு அலர்ஜி என்று எழுதிக் கொடுத்து அதே சட்டையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒருவரை நான் பார்த்திருக்கிறேன்.

‘பொழுதோட’ என்றால் சாயங்காலம். மாத்திரையைப் பொழுதோட போடச் சொன்னால் சரியாகப் போடுவார்கள். ‘பொடனி’ பிடரி. அப்புறம் உறவுமுறைச் சொற்கள். இதில்தான் இந்த ஊர் உங்களுக்கு ஒரு பெரிய உதவி செய்கிறது. மற்ற இடத்தில் ‘எங்க தாத்தாவுக்குச் சர்க்கரை’ என்றால் அப்பா வழியா, அம்மா வழியா என்று இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். இங்கே அப்பாரு என்றால் அப்பாவின் அப்பா. அப்பிச்சி என்றால் அம்மாவின் அப்பா. அம்மாயி, அம்மாவின் அம்மா. குடும்ப வரலாற்றை அவர்கள் பேச்சே வரைந்து கொடுத்துவிடும்.

தாளவாடி மலையிலிருந்து வருகிறவர்கள் கன்னடம் கலந்து பேசுவார்கள். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கித்தான் அவர்கள் சமவெளிக்கு வர வேண்டும். வந்ததும் அவசரப்படுத்தாதீர்கள், முதலில் தண்ணீர் கொடுங்கள். மில்லிலும் கட்டட வேலையிலும் ஒடிசா, பீகார்ப் பையன்கள் நிறைய. ‘தர்த் கஹாங் ஹை’ (எங்கே வலிக்கிறது), ‘கப் ஸே’ (எப்போதிலிருந்து) என்று ஒரு பத்து வாக்கியம் கற்றுக்கொண்டால் அவர்கள் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். உச்சரிப்பு தப்பாக இருந்தால் நல்லது, சிரிப்பார்கள், அப்புறம் உள்ளதைச் சொல்வார்கள்.

ஒரு கேள்வியை மட்டும் யாரிடமும் விடாதீர்கள்: என்ன வேலை செய்கிறீர்கள்? 1700ஆம் ஆண்டுவாக்கிலேயே இத்தாலியில் ராமசினி என்ற மருத்துவர், நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு இதையும் சேர்க்கச் சொன்னார். நூல் மில்லில் வேலை செய்கிறவர் ‘நெஞ்சு இறுக்கமா இருக்குது, மூச்சு வாங்குது’ என்றால், எந்தக் கிழமை என்று கேளுங்கள். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் வருகிறது, வாரக் கடைசியில் குறைகிறது என்றால், பஞ்சுத் தூசி நுரையீரலில் வேலையைக் காட்டுகிறது என்று அர்த்தம். பள்ளிபாளையம், சோமனூர்ப் பக்கத்துத் தறிக்காரர் நீங்கள் கேட்பதற்கெல்லாம் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், புரியாமல் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். பல வருடத் தறிச் சத்தத்தில் அவருக்குக் காது போயிருக்கும்.

இனி எடுபிடி வேலை. நேர்மையாகச் சொல்கிறேன், அதில் ஒரு பங்கு உண்மையிலேயே எடுபிடி வேலைதான். ஆள் பற்றாக்குறை உள்ள இடத்தில் ஹவுஸ் சர்ஜன்தான் கைக்குக் கிடைக்கிற ஆள். லேபுக்கு ஐந்து தடவை ஓடியதால் மருத்துவ அறிவு வளர்ந்தது என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் ரத்தம் எடுப்பது வேறு. அதை நீங்கள் அலட்சியமாகச் செய்தால் அந்த வார்டில் யாராலும் சரியாக வைத்தியம் பார்க்க முடியாது. சிரிஞ்சிலிருந்து ஊசியைக் கழற்றாமல் குழாய்க்குள் அழுத்திப் பீய்ச்சினால் சிவப்பணுக்கள் உடையும், ரிப்போர்ட்டில் பொட்டாசியம் ஏறித் தெரியும், இல்லாத வியாதிக்கு ராத்திரி இரண்டு மணிக்கு மருந்து ஏற்றுவார்கள். நீல மூடிக் குழாயில் ரத்தம் கோடு வரைக்கும் நிற்க வேண்டும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு, குழாயில் இருக்கிற உறையாமல் தடுக்கும் மருந்து ஒரு பங்கு என்ற கணக்கு அது. குறைந்தால் உறையும் நேரம் தப்பாக வரும். ஒழுங்காக எடுக்கிறவர் யார், அவசரத்தில் எடுக்கிறவர் யார் என்று லேப் டெக்னீஷியன்களுக்குத் தெரியும். அவர்களோடு ஒரு டீ குடித்துப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

வென்ஃப்ளான் மூன்று தடவை தவறியது பற்றி: மூன்றாவது தடவை முயன்றதுதான் தப்பு. இரண்டு தடவை தவறினால் அடுத்தவரைக் கூப்பிட வேண்டும், இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை. வெளிநாட்டில் படித்தவர்கள் பலருக்கு நோயாளியின் கையில் ஊசி ஏற்றிய பழக்கம் குறைவு, அதை ஒளிக்க வேண்டாம். ஸ்டாஃப் நர்ஸிடம், “அக்கா, எனக்கு இது சரியா வரலை, நீங்க போடும்போது கூப்பிடுங்க, நான் கையைப் பிடிச்சுக்கறேன்” என்று கேளுங்கள். ஒரு வாரம் பிடித்துக்கொண்டு பார்த்தால் போதும். அவர்கள் தோலை எப்படி இழுத்துப் பிடிக்கிறார்கள், நரம்பைக் கண்ணால் தேடாமல் விரலால் எப்படித் தேடுகிறார்கள் என்பது யூடியூபில் கிடைக்காது. அந்த பி.ஜி. பேசியது அவருடைய குணத்தைத்தான் காட்டுகிறது. நோயாளி முன்னால் சக டாக்டரை மட்டம் தட்டுகிறவர் எங்கே படித்திருந்தால் என்ன?

இதோடு இன்னொன்று. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால், எதிர்ப்புச் சக்தி பத்துக்கு மேல் இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடாதீர்கள். குத்திவிட்டால் பிதுக்காமல், சோப்புத் தண்ணீரில் கழுவி, உடனே சொல்லிவிட வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது உத்தமம். 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. ஆரம்பித்தால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். திட்டுவார்கள் என்று பயந்து மறைத்து, ஆறு மாதம் தூங்காமல் கிடந்த ஒரு பெண் எனக்குத் தெரியும். அதுவும் ஒரு வகைத் தலையாட்டல்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டிக்குத் திரும்பும்போது நினைவில் வைக்க ஒரு சின்ன விஷயம். மேலே இருப்பவரைப் போனில் எழுப்பும் முன், நாடி, பி.பி., மூச்சு, ஆக்ஸிஜன் அளவு நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போனை எடுத்ததும் முதல் வாக்கியம் “சார், நீங்க வந்து பார்க்கணும்” என்றிருக்கட்டும். கதை அதற்கப்புறம். கதையை முதலில் ஆரம்பித்தால் பாதியில் அவர் தூங்கிவிடுவார், நீங்களும் ‘சரி சார்’ என்று வைத்துவிடுவீர்கள்.

இப்போது இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தண்டனையாக நினைத்திருக்கிறீர்கள். சமூக மருத்துவத்துக்கு 12 வாரம் ஒதுக்கியிருப்பதைப் பலர் படிக்கக் கிடைத்த விடுமுறை என்று நினைக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர்களும் உண்டு. நீங்கள் அங்கே இருக்கிறீர்கள் என்பதே எனக்குச் சந்தோஷம். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் வரும் நாள், புதன்கிழமை தடுப்பூசி நாள். இந்த இரண்டு நாளும் கன்சல்டிங் அறையில் உட்காராதீர்கள். செவ்வாயன்று வயிற்றைத் தொட்டுக் குழந்தையின் தலை எங்கே என்று சொல்லப் பழகுங்கள். முதலில் நீங்கள் சொல்லுங்கள், அப்புறம் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். பத்தில் எத்தனை சரி என்று கணக்கு வையுங்கள். எனக்கு முதல் மாதம் பாதிகூடத் தேறவில்லை. புதன்கிழமை அவரோடு வண்டியில் துணை சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது விதி. அந்த ஐயாயிரம் பேரில் யார் வீட்டில் கர்ப்பிணி, யார் பி.பி. மாத்திரையை நிறுத்திவிட்டார், எந்த மருமகள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறாள் என்று அந்த அம்மா நோட்டைப் பார்க்காமல் சொல்வார். தோட்டங்களுக்கு நடுவே போகிற இட்டேறி வழியாக நடந்து ஒரு வீட்டுக்குப் போய், மாத்திரை டப்பாவை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை பாருங்கள். ஒரு வீட்டில் இன்சுலின் குப்பி ஜன்னல் திட்டில் வெயிலில் இருந்தது. ‘ஊசி போட்டும் சர்க்கரை குறையலைங்க’ என்று அவர் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நாங்களும் அளவைக் கூட்டிக்கொண்டே போனோம்.

நீட் பி.ஜி. இருநூறு கேள்வி, மூன்றரை மணி நேரம். அதற்குப் படிக்கத்தான் வேண்டும், நோயாளியைப் பார்த்தாலே பாஸாகிவிடலாம் என்று நான் கதை விட மாட்டேன். அங்கே ஓ.பி. மதியத்தோடு பெரும்பாலும் ஓய்ந்துவிடும். சாயங்காலம் இரண்டு மணி நேரம், போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படியுங்கள். அன்றைக்குப் பார்த்த ஒருவரின் வியாதியிலிருந்து ஆரம்பியுங்கள். நான் கட்டுவிரியனைப் பற்றி இன்றைக்கும் எந்தப் புத்தகமும் பார்க்காமல் ஒரு மணி நேரம் பேசுவேன், ஏன் என்று உங்களுக்குத் தெரியும். தோழிகள் எத்தனை கேள்வி போட்டார்கள் என்ற வாட்ஸ்அப் குரூப்பை மட்டும் மியூட் பண்ணிவிடுங்கள்.

‘நர்ஸம்மா’ என்பதற்காக வருத்தப்பட வேண்டாம், அந்தப் பையனைக் காப்பாற்றியது ஒரு நர்ஸம்மாதான். ‘பாப்பா’ என்று கூப்பிடுவதைப் பற்றி எனக்கு இரண்டு மனம். இந்த ஊரில் அது பாசம். ‘கண்ணு’, ‘சாமி’, ‘அம்மிணி’ எல்லாம் அப்படித்தான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக்கூட ‘வாங்க, போங்க’ என்கிற ஊர் இது, மரியாதைக் குறைவாகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு முடிவைச் சொல்லும்போது அவர்கள் உங்களை டாக்டராகக் கேட்க வேண்டும். அதனால் உட்கார்ந்ததும் “நான் டாக்டருங்க, என் பேர் இன்னதுங்க” என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அந்த ‘ங்க’வை மறக்காதீர்கள். அது இல்லாமல் பேசினால் நீங்கள் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் அதட்டுகிற மாதிரி அவர்கள் காதில் விழும்.

அந்தத் தறிக்காரரைப் பற்றிக் கடிதத்தில் நான்கைந்து வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அதை எழுதத்தான் மற்றதையெல்லாம் எழுதினீர்கள் என்று எனக்குத் தோன்றியது.

மூன்று ராத்திரி பேசியிருக்கிறீர்கள். என்ன பேசினீர்கள் என்று எழுதவில்லை, கேட்கவும் மாட்டேன். நீங்கள் வேறு ஏதாவது செய்திருந்தால் பிழைத்திருப்பாரா என்ற கேள்வி உங்களைக் குடைகிறது என்றால், அதை உங்களுக்குள்ளேயே வைத்துச் சுழற்றாதீர்கள். கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு உங்கள் யூனிட் சீஃபிடம் போய், “சார், இந்தக் கேஸில் நான் எதையாவது விட்டுவிட்டேனா?” என்று நேராகவே கேளுங்கள். பெரும்பாலும் இல்லை என்பார், காரணமும் சொல்வார். ஒருவேளை இருந்தாலும், அது என்ன என்று தெரிந்துகொள்வது, என்னவோ ஏதோ என்று ராத்திரியெல்லாம் கற்பனை பண்ணுவதைவிட மேல். அவரிடம் போக முடியாவிட்டால் மனநலத் துறையில் யாரையாவது பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், டாக்டர்களும் கூப்பிடுகிறார்கள். தூக்கம் வராமல், சாப்பிடப் பிடிக்காமல், எதிலும் மனசு ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் இது ஆலோசனை இல்லை, உத்தரவு: போய்ப் பாருங்கள். அவருக்கு வந்தது போன்ற எண்ணம் உங்களுக்கே வந்தால் அன்றைக்கே, அந்த நேரமே.

அடுத்து அப்படி ஒருவர் பிழைத்து வார்டில் இருக்கும்போது, ஹவுஸ் சர்ஜன் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. டிஸ்சார்ஜுக்கு முன் மனநல மருத்துவர் பார்க்க வேண்டும் என்று கேஸ் ஷீட்டில் எழுதி, பார்க்கிறவரைக்கும் நச்சரியுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து குடும்பத்தார் கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போகப் பார்ப்பார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், இப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. இதை வார்டு வராந்தாவில் உட்கார்ந்து அவர்களிடம் பொறுமையாகச் சொல்ல நேரம் இருக்கிற ஒரே ஆள் நீங்கள்தான். தறிக் கடன் எவ்வளவு, யாரிடம் வாங்கியது என்பதெல்லாம் உங்களிடம்தான் சொல்வார்கள். அந்த மூன்று ராத்திரி அவர் உங்களிடம் பேசியது அதனால்தான் இருக்கும்.

லாயக்கா என்று கேட்டீர்கள். ஏழு மாதத்தில் யாருக்கும் தெரியாது. எனக்கு அந்தப் பையனுக்கு அப்புறம் ஒரு வருடம் தெரியவில்லை.

ஊருக்குப் போய் எத்தனை நாள் ஆகிறது? ஈரோட்டில் ஏறினால் காரைக்கால் எக்ஸ்பிரஸ் உங்களை நாகையிலேயே இறக்கிவிடும், வண்டி மாற வேண்டியதில்லை. அடுத்த லீவுக்கு டிக்கெட் போட்டுவிட்டு அம்மாவிடம் தேதியைச் சொல்லிவிடுங்கள். அதுவரைக்கும் பேக்கரி பன்னும் டீயுமாக ஓட்டாதீர்கள். இந்தப் பக்கம் தெருவுக்கு இரண்டு பேக்கரி, நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது அதிலேயே எட்டு மாதம் ஓட்டி ரத்தசோகையில் விழுந்தேன்.

பெருக்குகிற அக்கா நாளைக்கும் “சாப்டாச்சுங்களா?” என்று கேட்பார். “இன்னும் இல்லீங்க்கா” என்று உள்ளதைச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சோறுதான் வரும். நாகப்பட்டினத்து நாக்குக்கு முதல் வாய் கொஞ்சம் சப்பென்று இருக்கும், நெய் கேட்டு வாங்கி ஊற்றிக்கொள்ளுங்கள்.